இல்லாத ஊரின் சாட்சி

ரொனால்ட் பிளைத்தின் 'ஏக்கன்ஃபீல்ட்' (1969) புத்தகத்தை வரலாறு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார் நண்பர் ஒருவர். இங்கிலாந்தில் அப்படியொரு கிராமமே கிடையாதாம். வாஸ்தவம். ஸஃபோக் ஜில்லாவில் சார்ஸ்ஃபீல்டையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து பிளைத் வைத்த பெயர் அது. பேசியவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறார். எதை வெட்டினார், எதை ஒட்டினார் என்று தெரியவில்லையே என வாய்மொழி வரலாற்றுக்காரர்கள் குறைப்பட்டதும் நியாயம்தான். அதற்காகப் புத்தகத்தையே தள்ளிவிடுகிறவர்களோடுதான் என் சண்டை.

மெய்ப்பெயரோடும் இந்தக் காரியத்தைச் செய்யலாம். வேல்ஸிலிருந்து வந்த ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ், அதே ஸஃபோக்கில் பிளாக்ஸ்ஹால் ஊர்க் கிழவர்களின் பேச்சைக் கேட்டு 1956இலேயே புத்தகமாக்கினார். ஆனால் பெயர் மெய்யாக இருப்பதாலேயே நினைவும் மெய்யாகிவிடுமா?

டார்செட் கடலோரத்து டைன்ஹாமைப் பாருங்கள். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்கென்று சுமார் 225 பேரைக் கிளப்பி ஊரைக் காலி செய்தார்கள். வீடுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று சர்ச் கதவில் ஒரு கடிதம் தொங்கியது. திரும்ப விடவில்லை. 1948இல் அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. இன்று சர்ச்சும் பள்ளிக்கூடமும் காட்சிசாலைகள். கூரையில்லாத சுவர்களைப் பார்க்க வருகிறவர்கள், யுத்தம் அழித்த சொர்க்கம் என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் போதாமல் 1932லேயே மூடப்பட்டது. ஊரே ஒரு குடும்பத்தின் எஸ்டேட். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக் குடிகள். சொந்தமாக ஒரு செங்கல் இல்லாதவர்களுக்கு அது எந்தவிதமான சொர்க்கம்? இந்தக் கேள்வி பெருமூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை.

பொய்ப்பெயர் கொண்ட ஏக்கன்ஃபீல்டில் ஒரு கிழவர் பேசுகிறார். பண்ணைக் கூலி. முதல் உலக யுத்தத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்து கலிப்போலிக்குப் போனவர். பயிற்சி நடந்த நாலு மாசத்தில் அவருடைய உடம்பு ஏறக்குறைய 14 பவுண்டு கூடிற்றாம். சாப்பாட்டினால் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இல்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகொடியும் வேலை இல்லாததுதான் காரணம் என்கிறார் அவர். சாவுக்குத் தயார் செய்யும் இடத்தில் ஒரு மனிதனுக்குச் சதை பிடிக்கிறது என்றால் அவன் விட்டுவந்த கிராமம் எப்படிப்பட்டது? பிஸ்கட் டப்பாவில் அச்சடித்த பச்சைப் புல்வெளியும் ஓட்டு வீடும் இதற்கப்புறம் கண்ணுக்கு நிற்குமா?

பிளைத் வேடிக்கை பார்க்க வந்தவரல்ல. 1922இல் ஸஃபோக்கிலேயே பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, 2023இல் நூறு வயதில் இறந்தவர். உழைப்பின் கணக்கு அவருக்குத் தெரியும். புத்தகத்தில் ஏக்கமே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஏக்கத்தைக் காட்டி அவர் கூலியை மறைக்கவில்லை என்கிறேன்.

ஊர் நினைவு எழுதுகிற எவனிடமும் நான் கேட்பது இது ஒன்றுதான்: உன் ஊரில் நிலம் யாருடையது, வேலை செய்தது யார்? இதைச் சொல்லாதவன் பட்டா நம்பரோடு எழுதினாலும் எனக்கு அது ஜோடனை. சொன்னவன் ஊருக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

கிழவர் பேசும் பக்கங்களை மறுபடி படிக்கும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். மறுப்பு எழுதினால் இதே பக்கத்தில் போடலாம்.