பிறந்த மறுநாளே பவுடர் பால்! சட்டம் இருந்தும் வார்டுக்குள் நுழையும் டப்பா

ராத்திரி 11 மணி. பிரசவ வார்டில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசு வீல் வீல் என்று கத்துகிறது.

"பால் ஊறலையே... புள்ள பசியில துடிக்குது. ஓடிப்போய் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க மாப்ளே!" என்கிறார் மாமியார்.

மாப்பிள்ளை ஓடுகிறார். ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை திறந்தே இருக்கிறது. பத்து நிமிடத்தில் பாலாடையில் பவுடர் பால் ரெடி!

குழந்தைக்கு நோய் இல்லை. எடையில் குறையில்லை. தாயும் சுகம். பிறகு எதற்கு டப்பா?

ஒரு டீஸ்பூன் போதும்

முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது ஒரு டீஸ்பூன், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அவ்வளவுதான்! சீம்பாலும் அந்த அளவுக்குத்தான் சுரக்கும். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். "இதெல்லாம் ஒரு பாலா?" என்று பீய்ச்சிக் கொட்டிய பாட்டிமார் உண்டு. நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பால் தாராளமாக இறங்க 2 முதல் 4 நாள் ஆகும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதற்குள் 3 கிலோ குழந்தை 2 கிலோ 800 கிராம் ஆகிவிட்டதே என்று வீட்டார் பதறுகிறார்கள். அந்த அளவு இறங்குவது சகஜம்தான்.

பவுடர் பால் வயிறு முட்டப் போனதும் குழந்தை மணிக்கணக்கில் தூங்குகிறது. "பாத்தியா, பசிதான்!" என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது. கோளாறு ஆரம்பிப்பதே இங்குதான். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். அது தூங்கினால் சுரப்பு குறையும். குறைந்தால் மறுபடி டப்பா. வீடு திரும்பும்போது 'பால் இல்லாதவள்' என்ற பட்டத்தோடு திரும்புகிறாள் அந்தப் பெண்!

சட்டம் என்ன சொல்கிறது?

1992-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. 2003-ல் அதை மேலும் இறுக்கியது. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கூடாது. டப்பாவில் குழந்தை படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே அச்சிட வேண்டும். டாக்டரோ நர்சோ விற்பனைக்குத் துணை போகக்கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில்!

கொழுகொழு குழந்தை படங்கள் மறைந்தன. ஆனால் விற்பனைக்குத் தடை இல்லை. "இதை வாங்கிக் கொடுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் யார் பிடிப்பது?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில்தான் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 41.8 சதவீதம்தான். டாக்டரும் நர்சும் இருக்கும் இடத்திலேயே இந்த லட்சணம்! பாட்டியை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? தையல் வலியோடு புரள முடியாமல் கிடப்பவளுக்குக் குழந்தையை மார்பில் பொருத்திக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ராத்திரி டியூட்டி நர்சுக்கு அதற்கு நேரம் ஏது?

எப்போது தேவை?

டப்பா பால் விஷம் அல்ல. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், உடம்பில் நீர் வற்றினால், டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கச் சொல்வார். அப்போதும் தாயிடம் பீய்ச்சிய பாலுக்கே முதலிடம். அடுத்தது, தாய்ப்பால் வங்கி இருக்கும் ஆஸ்பத்திரியில் அந்தப் பால். பிறகுதான் பவுடர். அப்படிக் கொடுக்க நேர்ந்த தாயை ஏசுவது அநியாயம்.

பால் போதுகிறதா என்பதைத் துணியைப் பார்த்தே சொல்லலாம். முதல் நாள் ஒரு தடவை, 2-ம் நாள் இரண்டு, 3-ம் நாள் மூன்று தடவையாவது சிறுநீர் போக வேண்டும். போகாவிட்டாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் மருந்துக்கடைக்கு ஓடக்கூடாது.

முழுக்க டப்பாவிலேயே வளரும் குழந்தைக்கு 400 கிராம் டப்பா மாதம் ஐந்தாறு ஆகிவிடும். சம்பளக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்!