ஒரு சொல், பல பொருள்

ஸ்பானிய மொழியில் ‘ரீயோ’ என்றொரு சொல் உண்டு. பெயர்ச்சொல்லாக வந்தால் ஆறு. வினைச்சொல்லாக வந்தால் ‘நான் சிரிக்கிறேன்’. எது என்பதை வாக்கியமே காட்டும்.

இதை விந்தை என்போர் நம் ‘ஆறு’ என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். குற்றாலத்தில் அருவியாய் விழுந்து தென்காசி வழியே ஓடும் சிற்றாறும் ஆறு. ஐந்தை அடுத்த எண்ணும் ஆறு. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. பழந்தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள்; வினாத்தாளில் நாம் காணும் ‘பின்வருமாறு’ என்பதில் அது இன்றும் வாழ்கிறது.

இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1732-இல் தொகுத்த சதுரகராதியில், ஒரு சொல்லின் பல பொருள்களுக்கெனவே தனிப் பகுதி வகுத்தார். நாமோ சொல்லுக்கு ஒரு பொருள் என எழுதி மனப்பாடம் செய்கிறோம். அவ்வாறு கற்றவள் தேர்வில் புதிய வாக்கியத்தைக் கண்டதும் திகைக்கிறாள். அவளுக்கு அறிவு குறைவென்று முடிவு கட்டுதல் தகாது; கற்ற முறையே குறையுடையது.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுச்சொல் ஒன்றைக் கற்கும்போது அதை மூன்று வாக்கியங்களில் அமைத்து எழுதிப் பழகுவோம். பெற்றோரும் “இதற்கு என்ன பொருள்?” என்பதோடு நில்லாமல், “இந்த இடத்தில் என்ன பொருள்?” என்று கேட்பார்களாக!