கூலி இல்லாத சுமை

உப்புச் சட்டியைத் தலைக்கு ஏற்றினால் இரண்டு கையும் மேலே போயாக வேண்டும். கை மேலே போனதும் ஜாக்கெட் ஏறும், அக்குளில் பிடிக்கும், முந்தானை விலகும். வரப்பு ஒற்றையடி அகலம். சரி செய்ய ஒரு நொடி நின்றால் பின்னால் வருகிறவள் சட்டியோடு என் மேல் சாய்வாள். அந்த நேரம் பார்த்துத்தான் லோடு ஏற்ற நிற்கிற ஆண்களுக்குக் கண் நன்றாகத் தெரியும். "அக்கா ரெண்டு லோடு சேர்த்துத் தூக்குதுடா!" ஒருத்தன் சொல்ல, நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் எனக்குச் சித்தப்பா முறை ஆகிறவரும் உண்டு.

சொல்லிவிட்டான் அல்லவா, அவன் சொன்னதுதான் உண்மை. ரெண்டு லோடுதான். சட்டியில் இருக்கிற உப்புக்குக் கூலி உண்டு, கரையில் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும். என் மாருக்குக் கூலியும் இல்லை, இறக்கி வைக்க இடமும் இல்லை. நான் கேட்டு வாங்கியதா இது? என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது. ரெண்டு பிள்ளை பெற்றபின் இன்னும் கூடியது.

மரக்காணத்து உப்பளத்தில் தை பிறந்தால் வேலை தொடங்கும், ஐப்பசி மழை வரும்வரை ஓடும். நடுவில் பங்குனி, சித்திரை, வைகாசி. விடியுமுன் பாத்தியில் இறங்கினாலும் எட்டு மணிக்குள் வெள்ளை உப்பில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும். மாரின் அடிமடிப்பில் வேர்வை இறங்கி நின்றுவிடும். காற்று புகாத இடம். தோல் முதலில் சிவக்கும், பிறகு வெந்து உரியும். உரிந்த இடத்தில் உப்புத் தூள் படும். காலில் புண் என்றால் காட்டலாம், நாலு பேர் "ஐயோ" என்பார்கள். இதை யாரிடம் காட்டுவது? தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்து அடியில் சொருகிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறேன்.

தோள்பட்டையில் விரல் வைத்துப் பார்த்தால் ரெண்டு பக்கமும் பள்ளம் தெரியும். பாடியின் பட்டை அறுத்த பள்ளம். திண்டிவனத்துக் கடையில் போய் நின்றால், விற்கிற பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டைப் பெட்டியை எடுத்துப் போடுவான். பெட்டியில் நம்பர் மட்டும்தான். 38 பற்றாது என்றால் 40, 40 பற்றாது என்றால் 42. நம்பர் ஏற ஏற முதுகுச் சுற்றளவுதான் ஏறுகிறது, முன்பக்கம் எனக்குப் பற்றுகிற அளவுக்கு ஏறுவதில்லை. முதுகில் தொளதொளவென்று தொங்கும், முன்னால் பிதுங்கும். உள்ளிருக்கும் கப்புக்கு என்று தனி அளவு உண்டு, அதில் பெரியது விலை ஜாஸ்தி, அதை இங்கே வைத்து விற்றால் ஓடாதாம். வாங்கியதைப் பிரித்து, பட்டையை அகலமாக்கி, பின்னால் ஒரு கொக்கி கூட்டி நானே தைத்துக்கொள்கிறேன். ஜாக்கெட் தைப்பவரோ "டாட் பிடிக்க இடமே இல்லம்மா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, தையல் கூலியில் கொஞ்சம் கூடுதல் கேட்கிறார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் பாத்தியில் இறங்குவது. வீட்டுக்காரர் சட்டை எனக்குப் பட்டன் பூட்டாது. பூட்டுகிற அளவில் வாங்கினால் கை நுனி விரலைத் தாண்டித் தொங்குகிறது.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மார்புக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் குழு இருக்கிறதாம். பெண் ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது என்று கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். ஓடுகிறவளுக்கு அளந்தார்கள், நல்லது. வழுக்குகிற வரப்பில் தலையில் பாரத்தோடு நடக்கிறவளை அளக்க எங்கள் உப்பளத்துக்கு எந்தக் கருவியும் வரவில்லை. கண்கள்தான் வந்தன.

கழுத்து வலி, தோள் வலி, விரல் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் போனால் தலை நிமிராமலே "வெயிட்டைக் குறைம்மா" என்று ஒரு வலி மாத்திரை. குறைக்க என்ன இருக்கிறது என் உடம்பில்? கையும் காலும் குச்சி. மார்பு வெறும் கொழுப்பு மட்டுமல்ல, சுரப்பியும் இணைப்புத் திசுவும் சேர்ந்தது. பட்டினி கிடந்தால் முகம்தான் ஒட்டும். சிறிதாக்க ஆபரேஷன் இருக்கிறது. சிமோனா ஹாலெப் என்று ருமேனியா தேசத்து டென்னிஸ்காரி, ஆட்டத்துக்கு இடைஞ்சல், முதுகு வலி என்று 2009-ல் செய்துகொண்டாள். 2018-ல் பிரெஞ்சு ஓபன், 2019-ல் விம்பிள்டன். மகள் போனில் படத்தைக் காட்டினாள். பந்து அடிக்க வலிக்கிறது என்றால் உலகத்துக்குப் புரிகிறது. உப்புச் சுமக்க வலிக்கிறது என்று நான் சொன்னால், "இந்த வயசுல உனக்கு அழகு கேக்குதா?" என்கிறாள் என் நாத்தனார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பெண்களும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: மூடு. இழுத்து மூடு. ஆனால் ஒரு காலத்தில் தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடிபட்டார்கள், துணி கிழிபட்டார்கள். 1859 ஜூலையில்தான் ராஜா இறங்கி வந்து மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை! அன்றைக்கு மூடினால் குற்றம். இன்றைக்கு இரண்டு துணியும் ஒரு சட்டையும் போட்டு மூடினாலும், போதவில்லை என்று என் மேல்தான் குற்றம். நம் உடம்பில் துணி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்கிறவன் மட்டும் மாறவே இல்லை.

பெண்களை இப்படிக் கேலி பேசுவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரிப் பெண் செத்த பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். வரப்பில் சொன்ன ஒரு சொல்லுக்கு எவள் சாட்சி வருவாள்? வந்தால் மறுநாள் அவளுக்கும் சேர்த்து வேலை இருக்காது. எங்கள் உப்பளத்துக்குப் பக்கத்தில் கழுவெளி ஈரநிலத்தைப் பறவைகள் சரணாலயமாக 2021-ல் அறிவித்தார்கள். எங்கிருந்தோ வருகிற கொக்கையும் நாரையையும் கலைத்துவிடக் கூடாது என்று ஜனங்கள் தூர நின்று பார்க்கிறார்கள். பறவைக்கு இருக்கிற அந்த மரியாதையில் கால்வாசி எனக்குப் போதும்.

மழைக்காலத்துக்கு அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் பற்றவில்லை என்று போன வருஷம் ஒரு மனு எழுதினோம். தொகையைக் கூட்டணும், கண்கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ், கரையில் பெண்களுக்கு ஒதுங்க, உடுப்பு மாற்ற ஓர் அறை. ப்ளஸ் டூ படித்தவள் என்று எழுதும் வேலை என்னிடம் வந்தது. கடைசியில் நானாக ஒன்று சேர்த்தேன்: பாரம் தூக்கும் பெண்களுக்கு மார்பைத் தாங்கும் உள்ளுடுப்பு, அவரவர் அளவில். கையெழுத்து வாங்க எடுத்துப் போனவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். "இதையெல்லாம் எப்படிம்மா ஆபீசர் முன்னாடி படிக்கிறது, கூச்சமா இருக்குல்ல?"

வரப்பில் சட்டியோடு நான் போகும்போது கூசாத வாய் அது. ரெண்டு லோடு என்றதற்குச் சிரித்த நாலு பேரில் அவரும் ஒருவர். புதுத் தாள் எடுத்து மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அதை முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்.