படிப்பவரே படைப்பவர்

இணையத்தின் இரண்டாம் தலைமுறை எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. 2004இல் அமெரிக்காவில் நிகழ்ந்த மாநாடொன்றால் ‘வெப் 2.0’ என்னும் பெயர் பரவிற்று. புதிய நுட்பமே அதன் அடையாளம் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. படிப்பவர் படைப்பவராதலே அதன் இலக்கணம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் பலர் கூடிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு உலகுக்கு வழங்கினர். எனினும், படிப்போர் அப்பக்கத்திலேயே பிழை திருத்த இயலாது. அப்பெயர் பரவுமுன்னரே, 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா அவ்வுரிமையை எல்லார்க்கும் அளித்தது.

உரிமை பொறுப்பையும் உடன் கொணரும். ஒப்படைப்புக்காக அங்கிருந்து படியெடுக்கும் மாணவர், பிழை கண்டவிடத்துத் திருத்தவும் வேண்டும். நம் ஆதம்பாக்கம் ஏரியைப் பற்றிச் சான்றுடன் ஒரு பத்தியேனும் எழுதுக. எழுதுவோர் இன்றேல், எத்தலைமுறைத் தளமும் வெறும் அறிவிப்புப் பலகையே.