கனவின் வண்ணமும் வாழ்வின் உண்மையும்

திரைப்படம் என்றாலே இளைஞரை மயக்கும் பொய்க்கனவு என்று ஒதுக்கிவிடும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் அச்சத்தை நாம் முற்றும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கனவைக் காட்டியே கனவிலிருந்து தெளிவிக்கும் படைப்புகளும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ழாக் தெமி 1964-இல் அளித்த 'ஷெர்பூர் குடைகள்' அத்தகையது.

இப்படத்தில் எவரும் பேசுவதில்லை, யாவரும் பாடுகின்றனர். மிஷேல் லெகிராந்தின் இசையில் கார்ப் பட்டறையின் பேச்சும் கடன் கவலையும்கூடப் பாட்டாகின்றன. சுவர்கள் தேவதைக் கதைநூலின் ஏடுகள்போல் வண்ணம் பூண்டு நிற்கின்றன. விருந்தொன்றில் காகித முடி சூடும் நாயகி, இளவரசியாகவே தோன்றுகிறாள்.

ஆனால், கதையோ நாம் நாள்தோறும் காணும் வாழ்க்கை. குடைக்கடைக்காரியின் மகள் ழென்வியேவும் பட்டறைத் தொழிலாளி கீயும் காதலிக்கின்றனர். 1957-இல் அவன் கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்பட்டு அல்ஜீரியப் போருக்குச் செல்கிறான். இங்கே அவள் கருவுற்றிருக்கிறாள், தாயைக் கடன் நெருக்குகிறது, கடிதங்களும் அருகுகின்றன. நிலையறிந்தும் அவளை ஏற்க முன்வரும் மணி வணிகனை அவள் மணக்கிறாள். 1963 டிசம்பரில், பனி பொழியும் இரவில், கீயின் பெட்ரோல் நிலையத்தில் இருவரும் எதிர்ப்படுகின்றனர். காரில் அமர்ந்திருக்கும் தன் மகளைக் காணவும் அவன் இசையவில்லை. அவனுக்கும் இப்போது மனைவியும் மகனும் உண்டு.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்ததே அகப்பாட்டின் நெறி என்று தொல்காப்பியம் கூறும். அவ்வியைபை இப்படத்திலும் காண்கிறோம். பாட்டு நாடக வழக்கு. கடனும் போரும் உலகியல். முன்னது இல்லையேல் இக்கதை வெறுஞ்செய்தி. பின்னது இல்லையேல் வெறுங்கனவு.

காத்திராதவள் என்று அப்பெண்ணைப் பழிப்போர் உளர். அப்பழி போருக்கும் பொருள் நெருக்கடிக்கும் உரியது என்பதே நம் கருத்து. படத்திலும் ஒரு குறை உண்டு. 1962-இல் விடுதலை பெறும்வரை அல்ஜீரிய மக்கள் பட்ட துயர் இதில் காட்சியாவதில்லை. ஒரு பிரெஞ்சு இளைஞனின் பிரிவாக மட்டுமே அப்போர் நம்மை எட்டுகிறது.

மாணவச் செல்வங்களே, கனவு காண்பது பிழையன்று. கனவு கலைந்த பின்னும் கடமையோடும் கண்ணியத்தோடும் வாழ வேண்டும் என்பதை மறப்பதே பிழை.