தெரிந்த செய்தியை ஆங்கிலத்தில் வாசிப்போம்



அண்மையில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் ஓர் அக்கா என்னிடம், "தங்கச்சி, இந்த வயசில இங்கிலீசு படிச்சு நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார். அதற்குப் பதிலாக, எனக்கு நேர்ந்த ஒரு பிழையையே இம்மாதம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டி வந்தது. சமூகவியல் பட்டதாரி என்றாலும் நான் தமிழ் மொழிமூலம் படித்தவள். 2009 மே மாதத்தில் தன் மகனைத் தானே கூட்டிச் சென்று ஒப்படைத்ததை ஓர் அம்மா விபரமாகச் சொன்னார். எனக்கு உடனே வாயில் வந்த சொல் 'மிஸ்ஸிங்'. அதையே சொன்னேன், அவர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, மிஸ்ஸிங் எண்டால் துலைஞ்சது எண்டுதானே? என்ர பிள்ளை துலையேல்லை. நான் கையால குடுத்தனான்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, இந்த விடயத்தை ஆங்கிலச் செய்திகளில் எப்படி எழுதுகிறார்கள் என்று தேடினேன். சிலவற்றில் 'மிஸ்ஸிங்'. வேறு சிலவற்றில் 'என்ஃபோர்ஸ்ட் டிஸ்அப்பியரன்ஸ்', அதாவது வலிந்து காணாமல் ஆக்கப்படுதல். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது முதலாவது சொல். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் இருப்பது இரண்டாவது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் 'காணாமல் போனோர்' என்று சொல்லாமல் 'ஆக்கப்பட்டோர்' என்று ஏன் அழுத்திச் சொன்னார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஆங்கிலத்திலும் விளங்கியது. ஒரு சொல் மாறினால் செய்தவரே இல்லாமற் போய்விடுகிறார்.

அன்றிலிருந்து தினமும் அரை மணித்தியாலம் இணையத்தில் ஆங்கிலச் செய்தி வாசிக்கிறேன். வகுப்புக்குக் காசு தேவையில்லை, கொஞ்சம் டேட்டா இருந்தால் போதும். நான் கண்ட வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தெரிந்த செய்தியையே வாசியுங்கள். அத தெரண, நியூஸ் ஃபெஸ்ட் போன்ற இணையத்தளங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி தருகின்றன. ஒரு செய்தியைத் தமிழில் வாசித்துவிட்டு அதையே ஆங்கிலத்தில் தேடுங்கள். நடந்தது என்னவென்று முன்னமே தெரியும் என்பதால் தெரியாத சொல்லையும் ஊகிக்கலாம். நீதிமன்ற வாசலில் காத்திருந்த எங்களுக்கு விளக்கமறியல், பிணை, நீதவான் எல்லாம் தெரிந்த சொற்கள். ஆங்கிலத்தில் அவை ரிமாண்ட், பெயில், மஜிஸ்ட்ரேட். அரைவாசி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

இதுவும் கடினமென்றால் வானிலை அறிக்கையில் தொடங்குங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் அதை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. வசனங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், மாகாணமும் நேரமும்தான் மாறும். ஒரு கிழமை வாசித்தால் 'ஷவர்ஸ்' மழை என்றும் 'தண்டர்ஷவர்ஸ்' இடியுடன் கூடிய மழை என்றும் தானாகவே மனதில் நிற்கும். நெல் காயவிடுவதற்கும் உதவும்.

இரண்டாவது, தலைப்புகளில் கவனமாக இருங்கள். ஆங்கிலத் தலைப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். 'டு' என்று வந்தால் இனி நடக்கப்போவது: 'மினிஸ்டர் டு விசிட்' என்றால் அமைச்சர் வரப்போகிறார், இன்னும் வரவில்லை. 'திரீ அரெஸ்டட்' என்றால் மூன்று பேர் கைதாகினர், அவர்கள் யாரையும் கைது செய்யவில்லை. 'லாண்ட்ஸ் டு பி ரிலீஸ்ட்' என்ற தலைப்பைக் கண்டு எங்கள் காணி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். விடுவிக்கப்படவுள்ளது என்பதே பொருள். 'எலெஜ்ட்லி' என்ற சொல் இருந்தால், அப்படிச் சொல்லப்படுகிறது, இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரு கொப்பி வைத்திருங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வசனத்தையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் நீங்கள் ஊகித்து, பிறகு சரிபாருங்கள். அது சிலவேளை பிழையும் விடும்.

நான்காவது, காதுக்கும் பழக்குங்கள். நான் சிறுமியாக இருந்தபோது மின்சாரம் இல்லாத எங்கள் வீட்டில் அப்பா சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியைப் பாடவைப்பார். பி.பி.சி. தமிழோசை தொடங்கினால் அயலட்டை எல்லாம் எங்கள் முற்றத்தில் நிற்கும். அதே பி.பி.சி. 1943 முதல் வானொலி வழியாக ஆங்கிலமும் கற்பித்து வந்திருக்கிறது. இன்று அதன் ஆங்கிலம் கற்கும் இணையத்தளத்தில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்ற நிகழ்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது. இருவர் ஆறு நிமிடம் கதைப்பார்கள், பேசியது முழுவதும் எழுத்திலும் இருக்கும். முதலில் கேளுங்கள், பிறகு எழுத்தைப் பார்த்துக் கேளுங்கள், மூன்றாம் முறை அவர்களோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலியும் 1959 முதல் ஆறுதலாக வாசிக்கும் எளிய ஆங்கிலச் செய்திகளைத் தந்து வந்தது. 2025 மார்ச்சில் அந்த நிலையத்தின் பணிகள் நிறுத்தப்பட்டபோது அதுவும் நின்றது.

வீடியோ டேட்டாவைத் தின்றுவிடும். எழுத்துக்கும் ஒலிக்கும் குறைவாகவே போகும். ஒருவரிடம் மட்டும் நல்ல கைத்தொலைபேசி இருந்தாலும் நான்கு பேர் சேர்ந்திருந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். வாசித்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தியை மூடிவிட்டு, நடந்ததை இரண்டு சிறிய வசனங்களில் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். பிழை வரட்டும், சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

அந்த அம்மாவிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப சரியானதைச் சொல்லித் தா" என்றார். 'ஐ ஹேண்டட் ஹிம் ஓவர்.' நான் அவனைக் கையளித்தேன். நான்கே நான்கு சொற்கள். பேத்தியின் கொப்பியில் தமிழெழுத்தில் எழுதுவித்துப் பாடமாக்கினார். அடுத்த முறை ஒரு குழு வந்தபோது நான் வாய் திறக்க முன்னரே அவர் அதைச் சொன்னார். மகன் இன்னும் வரவில்லை. ஆனால் அவருடைய சாட்சியம் அன்று அவருடைய சொல்லிலேயே எழுதப்பட்டது.

அக்காவின் கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். எங்களைப் பற்றி எழுதப்படுவதை நாங்களே வாசிக்கவும், பிழையென்றால் பிழையென்று சொல்லவும் படிக்கிறோம்.

இம்மாதம் ஒரு வேலை தருகிறேன். உங்கள் மாவட்டத்தைப் பற்றிய ஒரு செய்தியை இரு மொழிகளிலும் வாசித்து, இரண்டிலும் வேறுபடும் ஒரு சொல்லைக் கண்டுபிடியுங்கள். அதை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.