பேரிஜம் சாலையை மிதிவண்டிக்கு விடுக

கொடைக்கானல் மலைப்பாதையில் எத்தனை வாகனங்களை அனுமதிப்பது என்னும் விவாதம் கோடைதோறும் எழுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை அமலுக்கு வந்து, 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வார நாள்களில் 4,000 வாகனங்களும் வார இறுதி நாள்களில் 6,000 வாகனங்களும் மட்டுமே மலையேறலாம் என்று வரையறுக்கப்பட்ட பின்னரும், அவ்விவாதம் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்து வருகிறதேயன்றி, ஏறி வந்தவர்கள் மலையின்மேல் எவ்விதம் சஞ்சரிக்க வேண்டும் என்னும் கேள்வியைப் பிரதானமாக எடுத்துக்கொண்டு ஆராய்வார் அரியராய் இருக்கின்றனர். அக்கேள்விக்கு என்னிடம் ஒரு விடை உண்டு. மோயர் பாயிண்ட்டிலிருந்து பேரிஜம் ஏரிக்குச் செல்லும் வனச்சாலையை, வாரத்தில் இரண்டு நாள்களுக்கேனும் மோட்டார் வாகனங்களுக்கு முற்றிலும் அடைத்து, மிதிவண்டிக்கு மட்டும் திறந்துவிட வேண்டும்.

இந்தச் சாலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1924 முதல் 1929 வரை சென்னை மாகாணக் கவர்னராயிருந்த கோஷன் பிரபுவின் பெயரால் கோஷன் சாலை என்று வழங்கிய இது, பேரிஜத்தையும் வந்தரவு முகட்டையும் கடந்து, மலையின் விளிம்போடு விளிம்பாகச் சென்று, டாப் ஸ்டேஷனை அடைந்து மூணாற்றுக்கு இறங்கியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசி, சென்னைப் பட்டணத்து ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடிய அந்த யுத்த காலத்தில், எதிரி கரையிறங்கினால் மேற்குக் கடற்கரைக்குத் தப்பிச் செல்ல உதவும் மார்க்கம் என்று இது கருதப்பட்டமையால், 'எஸ்கேப் ரோடு' என்னும் பெயரும் இதற்கு நிலைத்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கு மேல் ஏறிச் செல்லும் இச்சாலை, இமயத்துக்குத் தெற்கே மிக உயரத்தில் அமைந்த சாலைகளுள் ஒன்று. பேரிஜத்துக்கு அப்பாற்பட்ட பகுதி 1990 வாக்கில் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. தார் பெயர்ந்து, சரளையும் புல்லும் மண்சரிவுமாய் அது இன்று கிடக்கிறது. பேரிஜம் வரையிலான பகுதிக்கு, வனத்துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்று, நாளொன்றுக்கு இத்தனை என்று வரையறுத்த வாகனங்கள் சென்று வருகின்றன.

அவ்வாகனங்களில் செல்கிறவர்கள் காண்பது யாது? கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற மரங்கள். வண்டியை நிறுத்தும் இடங்களில் படம் எடுத்துக்கொள்ளச் சில நிமிஷங்கள். பின்னர் ஏரிக்கரையில் சற்று நேரம். தொப்பித் தூக்கிப் பாறையில், பள்ளத்தாக்கிலிருந்து நெட்டுக்குத்தாய் மேலெழும் காற்று தொப்பியைத் தூக்கித் திரும்ப மேலேயே எறிகிற அற்புதத்தைப் பார்க்க இறங்குகிறவர்கள்கூட, பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் கேட்டு அவசரமாகத் திரும்பி ஏறிக்கொள்கிறார்கள். மதிகெட்டான் சோலையின் ஓரமாக அதே தூரத்தை மிதித்துச் செல்கிறவனோ, சோலைக்குள்ளிருந்து கருமந்தி தொண்டையைத் திறந்து கூவுவதை அது நிற்கும் கிளைக்கு நேர் கீழே வந்தபோதும், கூப்பிடு தூரம் கடந்த பின்னும் கேட்கிறான். சோலை முடிந்து புல்வெளி தொடங்குகிற எல்லையில் காற்றின் குளிர்ச்சி மாறுவதைக் கன்னத்தால் அறிகிறான். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காட்டுப்பூவரசு செந்நிறக் கொத்துகளாய்ப் பூத்து நிற்பதைக் கண்டு, யாரையும் கேளாமல் காலை ஊன்றி நின்றுகொள்கிறான். ஓரிடத்தில் இறங்கிச் சாலையோரத்துச் சதுப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால், பச்சைப் பாசி பஞ்சாய் அமுங்கி, விரலிடுக்கில் தெளிந்த நீர் சுரந்து, கையை எடுத்த சில கணங்களில் மறுபடி உள்ளே சென்றுவிடுவதைக் காணலாம்.

அந்தச் சில துளி நீர்தான் சமவெளியின் ஜீவாதாரம் என்பதை நம்மவர் போதிய அளவு உணரவில்லை. மலையின் உச்சியில் சோலையும் புல்வெளியும் சதுப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மழையைப் புல்லும் பாசியும் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியவிடுவதனாலேயே, தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் செல்லும் ஓடைகள் வேனிலிலும் முழுவதும் வற்றாமல் இருக்கின்றன. பேரிஜமே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ராணுவ அதிகாரி வந்து தங்கியபோது, பழைய ஏரி ஒன்றின் அடையாளங்களோடு கூடிய சதுப்பாக இருந்த இடம். பிற்காலத்தில் அணை கட்டப்பட்டு ஏரியாயிற்று. பெரியகுளத்து ஜனங்கள் குடிக்கும் நீர் இதுவே. சென்ற நூற்றாண்டில், தோல் பதனிடுவதற்கான பட்டைக்கு வாட்டிலும் தொழிற்சாலைகளின் தேவைக்கு யூகலிப்டஸும் பைனும் புல்வெளிகளில் நடப்பட்டுப் பரவியதால், இப்பிரதேசம் தன் பூர்வ ரூபத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. எஞ்சியவற்றைக் காக்கவே 2013-இல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய நிலத்தின் நடுவே, புகை கக்கி இரைச்சலிட்டுச் செல்லும் வாகனத்தைக் காட்டிலும், சரளைப் பாதைக்கென அகன்ற டயர் பூட்டிய ஒரு சைக்கிள் எவ்வளவு சாதுவான விருந்தாளி! ஆயினும், மிதிவண்டியே ஆனாலும் பாதையை விட்டு விலகிச் சதுப்பில் இறங்கலாகாது. ஈரப்பாசியில் பதிந்த சக்கரத் தடம் எளிதில் மறைவதில்லை. பாதையை விட்டு இறங்குகிறவனுக்கு மறுமுறை அனுமதி இல்லை என்பது முதல் விதியாக இருக்கவேண்டும்.

மேனாட்டில் ஆல்ப்ஸ் மலைகளின் ஏரிகளுக்கும் சதுப்புப் புல்வெளிகளுக்கும் இடையே, மோட்டார் வண்டியைக் காணாமலே நாள் முழுதும் சரளைப் பாதைகளில் சைக்கிள் மிதித்துச் செல்ல இன்று முடிகிறதென்றால், அது இயற்கை தானாக அளித்த பாக்கியம் அன்று. அந்நாடுகளின் ஜனங்கள் வாக்காலும் விதியாலும் பெற்றது. ஸ்விட்சர்லாந்தில் ரோதன்துர்ம் என்னும் ஊரின் சதுப்பு நிலத்தில் ராணுவப் பயிற்சித் தளம் அமைக்க அரசு முற்பட்டபோது, குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிப் பொதுவாக்கெடுப்புக் கோரி, 1987 டிசம்பர் 6-ஆம் நாள், தேச முக்கியத்துவமும் விசேஷ அழகும் வாய்ந்த சதுப்பு நிலங்கள் காக்கப்பட வேண்டும் என்பதை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். இத்தாலியின் வடகோடியில், ஐரோப்பாவின் மாபெரும் மலைப் புல்வெளியாகிய சைசர் ஆல்ம் என்னுமிடத்துக்குச் செல்லும் சாலை, 2003 முதல் பகல் நேரத்தில் வெளியூராரின் சொந்தக் கார்களுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது; ஜனங்கள் கேபிள் காரிலும் பஸ்ஸிலும் மேலேறி, அங்கிருந்து நடந்தும் மிதித்தும் செல்கிறார்கள். நம் தேசத்திலேயே மகாராஷ்டிரத்தின் மாத்தேரானில், வருகிறவர்களின் கார்கள் ஊருக்கு வெளியே தஸ்தூரி என்னுமிடத்தில் நிறுத்தப்படுகின்றன. அதனால் மாத்தேரானுக்கு வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை. ஆகவே, இது சீதோஷ்ணத்தையோ செல்வத்தையோ பொறுத்த விஷயம் என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை.

இதற்கு எழும் ஆட்சேபங்களுள் மிகவும் கனமானது யானை. பேரிஜம் பக்கம் யானைக் கூட்டம் வந்துவிட்டால் வனத்துறை நாள்கணக்கில் சாலையை மூடுவதைக் கொடைவாசிகள் அறிவர். காட்டுமாடோ ஊருக்குள்ளேயே, பஸ் நிலையத்தருகிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிற்கிறது. மூடுபனியில் பத்தடி தூரத்தில் வந்த பிறகே அது கண்ணுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 உயிர்கள் போனதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் அத்துயரத்திலிருந்து அரசு கற்ற பாடமே வழியையும் காட்டுகிறது. மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டு, காட்டையறிந்த உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாய் உடன் செல்கிறார்கள். அதே முறையைச் சாலைக்கும் விஸ்தரிக்கலாம். பத்துப் பேருக்கு மிகாத குழு. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். காலை 7 மணிக்குப் புறப்பட்டு மாலை 4 மணிக்குள் சாவடிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. யானை நடமாட்டம் இருந்தால் அன்றைய பயணம் ரத்து. புல் காய்ந்து தீ பரவும் மாதங்களில் முழு நிறுத்தம். இவற்றுக்கு உடன்படாதவர் கொடை ஏரியைச் சுற்றியே மிதித்து மகிழலாம்.

கொடை ஏரியைச் சொன்னதும் மனத்தில் தைப்பது வேறொன்று. 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்துச் சமைத்த அந்த ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் ஓட்டாமல் கொடைக்கானலிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பம் அரிது. ஆண்டில் ஒரு முறையேனும் பெடலில் கால் வைக்கும் பட்டணத்துப் பிள்ளைகள் அங்கேதான் வைக்கிறார்கள். இன்று அவர்கள் கார்களுக்கும் வேன்களுக்கும் நடுவே, ஹாரன் சத்தத்தில் ஹேண்டில்பார் ஆட்டம் கொள்ள, பெற்றோர் பின்னால் ஓடிவர, ஒருவாறு சுற்றி முடிக்கிறார்கள். காலை வேளையில் மூன்று மணி நேரமாவது ஏரிச் சாலையைக் காருக்கு அடைப்பது, பேரிஜத்துக்குச் செய்யவேண்டியதைவிட எளிது. அதை நாளைக்கே தொடங்கலாம்.

மற்றோர் ஆட்சேபத்தை நான் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை முதலிய மேல்மலை ஊர்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர், தம் சரக்கை விரைவாகக் கேரளத்துக்குக் கொண்டுசெல்லச் சாலைவசதி வேண்டுமென்று பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அவ்வூரார் படும் பாட்டைக் கேட்டவர் எவரும் அக்கோரிக்கையை அலட்சியம் செய்யார். ஊர்களுக்குச் சாலையும் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் செவ்வனே கிடைக்கவேண்டும். அதற்கு வேண்டிய பணத்தை முதலில் அங்கே செலவிட வேண்டும். ஆனால் மூடிக்கிடக்கும் முகட்டுச் சாலையைத் திறந்தால், மூணாற்றுக்கும் கொடைக்கானலுக்குமிடையே குறுக்குவழி தேடும் சுற்றுலா வாகனங்களே அதை நிறைக்கும். விவசாயியின் லாரி அவற்றின் வரிசையில் கடைசியில் நிற்கும். இதற்கு மாறாக, சைக்கிளில் வருகிறவன் ஒரே பகலில் பார்த்துவிட்டு இறங்கிப்போக முடியாதவன். இரவு தங்குகிறான், மிகுந்த பசியோடு உண்கிறான், பங்க்சர் ஒட்ட ஆள் தேடுகிறான். பூம்பாறையில் குழந்தை வேலப்பரைத் தரிசித்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் சூடான சோறும் பூண்டு ரசமும் கிடைக்குமானால் அதற்கு மனமுவந்து விலை கொடுப்பான். அந்த வருமானம் நேரே அவ்வூர்ப் பெண்களின் கைக்குப் போகும்படி, உணவும் தங்குமிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விடப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இவை யாவும் நிதானமாகச் சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியவை. அதற்குக் கால அவகாசம் அதிகமில்லை. பன்னிரண்டாண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி, 2006-இலும் 2018-இலும் இம்மலையில் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். அவ்வாண்டில் திரண்டு வரப்போகும் ஜனக்கூட்டம் முகட்டுப் புல்வெளிகளுக்கு எவ்வாறு செல்வது என்பதைப் பூ மலர்ந்த பின் அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானிக்க இயலாது. திண்டுக்கல் மாவட்ட நிர்வாகமும் கொடைக்கானல் வனக்கோட்டமும் கூடிப் பேசி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் வாரங்களில், செவ்வாயும் புதனுமாக இரண்டு நாள்களைப் பேரிஜம் சாலையில் மிதிவண்டிக்கென ஒதுக்கி அறிவித்தால், 2030-க்குள் சில பருவங்களின் அனுபவமும், அச்சாலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த உள்ளூர் வழிகாட்டிகளும் அரசின் கையில் இருப்பார்கள்.